டைமிங் இறக்கிய கோடை

ஓடுகிற கார் நடுரோட்டில் கொதித்து நின்றால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வயதுக்காரர்கள் எல்லாருமே பட்டிருக்கிறோம். பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஈரத்துணியை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திருகுவோம். சீறிக் கிளம்பும் ஆவிக்குப் பயந்து பின்னால் துள்ளுவோம். அப்புறம் எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம் என்று சுற்றிலும் பார்ப்போம். என் பேத்திக்கு இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறாள்.

வேலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இன்ஜின் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவள் நான். பிஸ்டன், வால்வு, கார்பரேட்டர் எல்லாவற்றையும் நன்றாகத்தான் நடத்துவேன். இக்னிஷன் டைமிங் வருகிற அன்றைக்கு மட்டும் காலையிலேயே ஒரு அலுப்பு வந்துவிடும். கரும்பலகையில் படம் போடுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்வேன், மணி அடித்ததும் வெளியே வந்துவிடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டார்கள். எப்போது பொறி விடுவது, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதையெல்லாம் இப்போது வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. எனக்கும் வயதாகிவிட்டது. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பா ஒரு வெள்ளைக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். உருண்டை முதுகு வண்டி, நீங்கள் எல்லாரும் ஏறியிருப்பீர்கள். தோல் வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஜோலார்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் அப்பாவுக்கு முக்கியமான ஓட்டம். தோல் மண்டி வைத்திருந்த ஒரு பாய்தான் பெரும்பாலும் அப்பாவைக் கூப்பிடுவார். அதனால் எங்கள் காருக்குள் எப்போதும் மூன்று வாசனை இருக்கும்: பதனிட்ட தோல், பாயின் அத்தர், பெட்ரோல். ரெக்சின் சீட் வெயிலில் காய்ந்து தொடையைச் சுடும். ஸ்பீடாமீட்டர் முள் எப்போதும் ஒரே இடத்தில் படுத்திருக்கும். கிலோமீட்டர் எண்களும் நகராது. ஒயர் அறுந்து வெகுநாள் ஆகியிருந்தது. அது இல்லாமலே வண்டி ஓடியதால் அப்பா அதைச் சரிசெய்யவில்லை. வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட கோடை அது. பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. காற்று அடித்தால் தோல் தொழிற்சாலைகளின் சுண்ணாம்பு நாற்றம் வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காரும். அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. மேடு ஏறும்போது, தகர டப்பாவுக்குள் சாவிக்கொத்தைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. மண்டி பாய்க்கு அது பிடிக்கவில்லை.

“இன்னாப்பா இது, வண்டியா பேண்டு வாத்தியமா? வர்ற பார்ட்டி பயப்படுறான்” என்றார்.

அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“வண்டில ஒண்ணுமில்லண்ணா. பங்க்குல பெட்ரோலோட சீமெண்ணெய கலக்குறானுங்க. இன்ஜின் தாங்காம தட்டுது.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? பாய் பேஜார் பண்றாரு. சத்தம் நிக்கணும்.”

“டைமிங்க கொஞ்சம் இறக்கி வெக்கிறேன். சத்தம் நின்னுடும்.”

பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி, உள்ளங்கையால் அதைப் பிடித்து இம்மியளவு திருப்பி, மறுபடி இறுக்கினார். அவ்வளவுதான். சத்தம் நின்றது. அப்பா சந்தோஷமாக எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாடம் எடுக்கவில்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றி எரிந்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே பொறி விழ வேண்டும். அப்போதுதான் எரிகிற வேகம் முழுவதும் பிஸ்டனைக் கீழே தள்ளும். மட்டமான பெட்ரோலாக இருந்தால் தானாகவே பற்றி வெடித்து உள்ளே தட்டும். பொறியைத் தாமதமாக விட்டால் தட்டுவது நிற்கும். ஆனால் அப்போது பிஸ்டன் கீழே போகப் போகத்தான் கலவை எரிந்துகொண்டிருக்கும். தள்ள வேண்டிய வேகம் சூடாக மாறி சைலன்சர் வழியே போய்விடும். வண்டி இழுக்காது, இன்ஜின் கொதிக்கும், அதே தூரத்துக்கு அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும்.

அப்பாவுக்கு இது தெரியாது. வண்டி இழுக்கவில்லை என்று மறுபடி மெக்கானிக்கிடம் போனார். அவர் கார்பரேட்டரைத் திருகி, கலவையில் பெட்ரோலைக் கூட்டிவிட்டார். இழுவை கொஞ்சம் வந்தது. குடிப்பது இன்னும் கூடியது. சத்தத்தை நிறுத்தச் சொன்னார் பாய், நிறுத்தினார் மெக்கானிக். இழுக்கவில்லை என்றார் அப்பா, இழுக்க வைத்தார் மெக்கானிக். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

சைலன்சர் டப் டப்பென்று வெடிக்க ஆரம்பித்தது. தெருப் பிள்ளைகள் ‘வெடி வண்டி’ என்று பெயர் வைத்தார்கள். குழாய் வாயில் மை மாதிரிக் கரி படியும். அதை விரலில் தொட்டுச் சுவரில் என் பெயரை எழுதி அம்மாவிடம் அடி வாங்கினேன். அப்பா டேங்க் ஒழுகுகிறதோ என்று மதிய வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

அம்மா குடியாத்தத்துக்காரி. பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிற வீடு. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் உரக்கப் பேசுவார்கள் என்பார்கள். அம்மா அப்படி இல்லை, வாய் கம்மி. மனதில் ஒன்று விழுந்தால் அது அங்கேயே கிடக்கும்.

அப்படி விழும்படி ஒன்றைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். நான் பக்கத்திலேயே தாயம் விளையாடிக்கொண்டிருந்தேன். விளையாடுகிற பிள்ளைக்குக் காது கேட்காது என்று அந்தக் காலத்தில் ஒரு நினைப்பு.

“பங்க்குல பேசினு இருந்தேன்” என்றார் மாமா. “மாப்ள இப்பல்லாம் எங்க ஓடுறாரு, ரெண்டு நாளைக்கு ஒருதரம் வந்தவரு தினம் வர்றாரேன்னு அவன் கேக்கறான்.”

“ஓட்டம் ஜாஸ்தியா இருக்கும்” என்றாள் அம்மா.

“ஓட்டம் ஜாஸ்தின்னா வீட்டுல காசு தெரியணுமே, தெரியுதா?”

அம்மா மாம்பழக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு. நம்மகிட்ட லுங்கி எடுக்குற வியாபாரி ஒருத்தன் பஸ்ஸுல போய்னு இருந்திருக்கான். ஜோலார்பேட்டைக்கு இந்தாண்ட ரயில்வே கேட் இருக்குதுல்ல, அந்த கேட் வீட்டு வாசல்ல நம்ம வண்டி நிக்குதாம். மாப்ள உள்ள உக்காந்து மோர் குடிச்சினு இருக்காராம். அந்த வீட்டுல ஒரு சின்ன வயசு பொம்பள.” குரலைத் தாழ்த்தி, “ஒருதரம் இல்ல, ரெண்டு மூணுதரம் பாத்துட்டானாம்” என்றார்.

அம்மா மாம்பழங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கூடையும் துடைத்து முடிகிற வரைக்கும் நிமிரவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து அப்பா ஓலையில் நுங்கு கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏது?” என்றாள் அம்மா.

“வழியில ஒருத்தவங்க குடுத்தாங்க. புள்ளைக்குன்னு.”

ஒருத்தவங்க. அந்த ஒரு சொல்லை அப்பா வேறு மாதிரி சொல்லியிருந்தால் எவ்வளவோ நடந்திருக்காது. ‘கேட் கீப்பர் பொண்டாட்டி குடுத்தா’ என்று சொல்வதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் நாள் முழுக்க வெயிலில் ஓடி, கொதித்த வண்டிக்குத் தண்ணீர் சுமந்து, சொல்லத் தெம்பில்லாமல் வந்து உட்கார்ந்த மனிதர். அம்மா நுங்கைத் தொடவில்லை. எல்லாவற்றையும் நானே தின்றேன். அந்த ஜில்லென்ற வழவழப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலையில் அம்மா ஒரு பெட்டியில் துணிகளை வைத்தாள். அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க?”

“அண்ணன் வீட்டுக்கு.”

“இரு, வண்டில கொண்டுபோய் விடறேன்.”

“வேணாம். பெட்ரோல் ஜாஸ்தியா ஆவும்” என்றாள் அம்மா.

அப்பா துடைக்கிற கையை நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். நாங்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தத் துணியோடு அப்படியே நின்றார். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

குடியாத்தத்தில் தறி ஓடாத நேரமே கிடையாது. தடதடவென்று தரை நடுங்கும். நூலுக்குக் கஞ்சி போடுகிற புளித்த வாசனை. மாமா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசலில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அம்மாவும் நிமிர்வாள், ஆனால் எழுந்து வரமாட்டாள். நாள் போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒருநாள் சைலன்சர் வெடித்துக்கொண்டே எங்கள் வண்டி வந்து நின்றது. அப்பா இறங்கி வாசலிலேயே நின்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ‘பாப்பா’ என்று என் தலையில் கை வைத்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மாமாதான் பேசினார். “மாப்ள, சுத்தி வளைச்சுப் பேச வேணாம். பெட்ரோல் எங்க போவுது?”

“வண்டி குடிக்குது.”

“போன மாசம் குடிக்காத வண்டி இந்த மாசம் குடிக்குமா?”

“குடிக்குது மச்சான்.”

“சரி. காட்டுங்க. டேங்க காலி பண்ணிட்டு, முன்னல்லாம் ஜோலார்பேட்டைக்குப் போய் வர எவ்ளோ ஆவுமோ அவ்ளோ ஊத்துவோம். நான் கூட வர்றேன். போய்ட்டு வந்துட்டா நீங்க பொய் சொல்றீங்கன்னு அர்த்தம்.”

அப்பாவின் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அம்மா நின்ற கதவைக் காட்டி, “நீங்க மட்டும் இல்ல. அவளும் வண்டில உக்காரணும்” என்றார்.

எல்லாருமாக ஆம்பூருக்கு வந்து, மெக்கானிக்கை வைத்து டேங்க்கைக் காலி செய்தார்கள். அப்பா ஒரு டின்னைக் காட்டி, “இதுல முக்காவாசி ஊத்துனா போய்ட்டு வந்துடுவேன், முன்னல்லாம்” என்றார். மாமா, “முழுசாவே ஊத்துங்க” என்றார். ஊற்றினார்கள். மாமா முன்னால் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பின்னால். வாணியம்பாடி தாண்டினோம். அனல்காற்று முகத்தில் அடித்தது. அம்மா முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா ஓரம் கட்டினார். கேட் வீட்டு வாசல்.

நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக வெளியே வந்தாள்.

“இன்னாண்ணா, இன்னிக்கும் கொதிச்சிடுச்சா? ஆவி வந்தப்பவே நம்ம வண்டிதான்னு தெரிஞ்சிடுச்சு.” அப்புறம்தான் எங்களைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “அண்ணியா? இறங்குங்க அண்ணி, நிழல்ல வந்து உக்காருங்க. உங்க வண்டிக்கு எறைச்சு எறைச்சே எங்க கெணறு வத்திடும் போலக்குது.”

அவள் புருஷன் கையில் கொடியோடு கேட்டருகில் நின்றபடி, “ஃபேன் பெல்ட்ட பாக்கச் சொல்லுங்கம்மா, நான் சொன்னா கேக்க மாட்றாரு” என்று கத்தினார்.

அம்மா இறங்கினாள். அந்தப் பெண் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “போன தபா குடுத்தனுப்புன நுங்கு புள்ள சாப்ட்டுச்சா அண்ணி?”

“சாப்ட்டா” என்றாள் அம்மா. மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. மாமா எங்கள் பக்கம் திரும்பாமல் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஆவிக்கு நடுவே குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினோம். வாணியம்பாடி வருவதற்குள் வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றது. மாமா டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தே வெளியே வந்தது.

“நெஜமாவே குடிக்குது மாப்ள” என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. டிக்கியிலிருந்து காலி டின்னை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி பக்கமாக நடக்க ஆரம்பித்தார். உச்சி வெயில். நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

“நல்லதாப் போச்சு. விடு” என்றார் மாமா.

“நீதானேண்ணா சொன்ன?”

“நான் காதுல விழுந்தத சொன்னேன். பொட்டிய கட்டுனது யாரு?”

அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, தார்ரோட்டின் கானலில் அப்பா சின்னதாகத் தெரிந்தார். டின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தார். அம்மா எழுந்தாள். செருப்பு வண்டிக்குள் கிடந்தது. வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அப்பாவின் கையிலிருந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் விட்டுக் கொடுத்தார். வெறுங்கையோடு அவர் முன்னால் நடந்து வர, அம்மா பின்னால் டின்னைச் சுமந்து வந்தாள். பெட்ரோல் தளும்பிப் புடவையெல்லாம் நனைந்தது.

அதன்பிறகு, நடந்ததைக் கேட்ட மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தார், கலவையைக் குறைத்தார். அப்பா வேறு பங்க்கில் பெட்ரோல் போட ஆரம்பித்தார். வண்டி பூ மாதிரி ஓடியது. கொதிக்கவில்லை, வெடிக்கவில்லை. ஒரு மதியப் பொழுதில் எல்லாம் சரியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அதற்கப்புறம் சண்டை வந்ததே இல்லை. அம்மா வேளாவேளைக்குச் சமைத்தாள், அப்பா நேரத்துக்கு வந்தார். என்னைப் படிக்க வைத்தார்கள், கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் எங்கே போகிறார் என்று அம்மா கேட்பதில்லை; எங்கே போய் வந்தேன் என்று அவர் சொல்வதுமில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தார்கள், விருந்தாளி வீட்டில் இருப்பது மாதிரி. நம் வயதில் இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறோம். அதில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த அமைதியின் களைப்பு தெரியும்.

அப்பா வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு காலை நேரம், நான் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். எதையோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, “உங்கம்மா கேக்கவே இல்ல பாப்பா” என்றார்.

“எதப்பா?”

“அந்த பெட்ரோல் விஷயம். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அண்ணன விட்டுக் கேட்டா.” நான் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த சில நாட்களில் போய்விட்டார்.

அவர் போன அடுத்த வருஷம் அம்மாவை என்னோடு கூட்டி வந்து வைத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அடுக்களையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பிஸ்டனையும் பிளக்கையும் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பிள்ளைகளைவிடச் சீக்கிரம் அவளுக்குப் புரிந்தது.

“பொறி லேட்டா விழுந்தா பெட்ரோலெல்லாம் சூடாவே வெளில போய்டுது. அதானே?”

“அதான்.”

படத்தின் மேல் விரலை வைத்தாள். “இத அவரு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“அவருக்கே தெரியாதும்மா.”

“இது தெரிய வேணாம். அப்படி ஒண்ணுமில்லடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அந்த வார்த்தைக்குத்தான் குடியாத்தத்துல அத்தன நாளு ஒக்காந்துனு இருந்தேன்.”

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். “நீ கேக்கவே இல்லன்னு அப்பா சொன்னாரும்மா. ஆஸ்பத்திரில.”

அம்மா ஆய்ந்த கீரையைத் தள்ளி வைத்தாள்.

“எப்படிடி கேக்கறது?” என்றாள். “கேட்டு, ஆமான்னு சொல்லிட்டாருன்னா? உன்ன தூக்கினு நான் எங்க போறது?”